கை நடுக்கமும் ஏட்டெழுத்தும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் கமராவைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நன்னூலும் தொல்காப்பியமும் படிப்பிக்கிறவனுக்குப் படப்பிடிப்புக்காரருடைய தொழிலில் என்ன அலுவல் என்று கேட்கவுங் கூடும். கேள்வி நியாயமானதே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நெடுந்தீவிலே ஒரு மாட்டுவாகட ஏட்டை என் கையாலே கெடுத்த பின்னரே அந்த எண்ணம் நீங்கிற்று.

கெடுத்தேன் என்ற சொல்லை ஆராய்ந்தே இடுகின்றேன். ஏட்டை நான் கிழிக்கவில்லை, தீயிலிடவில்லை, கடலில் நழுவவிடவுமில்லை. படம் பிடித்தேன். அவ்வளவுதான்.

அது சோழகக் காற்று வீசுகின்ற காலம். பண்ணைப் பாலங் கடந்து, வேலணையும் புங்குடுதீவுங் கடந்து, குறிகட்டுவானிற் படகேறி, ஒரு மணி நேரம் அலையோடு போராடி நெடுந்தீவிற் கரையேறினேன். பவளக்கல் அடுக்கிய மதில் சூழ்ந்த ஒரு வளவிலே முதிய பரியாரியார் ஒருவர் இருந்தார். மாடுகளுக்கும், அத்தீவிலே கட்டாக்காலியாய்த் திரியும் மட்டக்குதிரைகளுக்குங்கூட, மருந்து சொல்லுகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய பேரனார் எழுதிவைத்த வாகடம் 112 ஓலை. இரு பக்கமும் எழுத்து. ஆக 224 பக்கம். ஏட்டை இரவல் தர அவர் உடன்படவில்லை. அதிற் பிழையுமில்லை. இரவல் போன ஏடு திரும்பி வந்த கதை யாழ்ப்பாணத்திற் குறைவு. “படமெண்டால் எடுங்கோ வாத்தியார். ஏடு இந்த வாசற்படி தாண்டாது” என்றார்.

திண்ணையிலே ஓலையை விரித்தால் காற்று அதைப் புரட்டிற்று. ஆகவே அறைக்குள்ளே சென்றேன். அங்கே சிறிய யன்னல் ஒன்று, அரைகுறை வெளிச்சம். பிளாஷ் அடித்தால் ஓலையின் வழுவழுப்பிலே ஒளி தெறித்து எழுத்தை மறைத்தது. எனவே அதை நிறுத்திவிட்டு, கமராவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபடியே எடுத்தேன். நாற்பது ஓலைக்குப் பிறகு இடுப்பு நொந்தது. எண்பதுக்குப் பிறகு படகின் நேரம் நினைவுக்கு வந்தது. கமராவின் முதுகிலுள்ள சிறிய திரையில் ஒவ்வொன்றையும் பார்த்தேன், எழுத்துத் தெரிந்தது, அடுத்ததற்குப் போனேன். பிற்பகற் படகிலே திரும்பும்போது, ஒரு நூலை அழிவிலிருந்து காத்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு வந்தேன். உண்மையை ஒளிப்பானேன்? அன்று மாலை இரண்டு நண்பர்களுக்குச் சொல்லியும் விட்டேன்.

இரவிலே கணினியில் இட்டுப் பெருப்பித்துப் பார்த்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. விரலளவு திரையிலே தெளிவாகத் தோன்றிய எழுத்தெல்லாம் இங்கே இரட்டைக் கோடாயிருந்தன. ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் அதன் நிழல் போல இன்னோர் எழுத்து. சில ஓலைகள் தப்பியிருந்தன, பெரும்பாலானவை தப்பவில்லை. அறையின் இருட்டிலே கமரா தன் ஷட்டரை ஒரு விநாடியின் 1/15 பங்கு நேரம் திறந்து வைத்திருந்தது. அந்தச் சிறிய பொழுதுக்குள்ளே என் கை அசைந்துவிட்டது.

அச்செழுத்தாயிருந்தால் இந்த இரட்டைக் கோட்டை ஊகித்தாவது வாசிக்கலாம். ஏட்டெழுத்து அப்படியன்று. ஓர் ஓலையின் அகலம் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். அதற்குள்ளே ஏழு எட்டு வரி. எழுத்தாணி கீறிய கோடோ மயிரிழை. பழைய ஏட்டிலே மெய்க்குப் புள்ளி இராது; குற்றெழுத்து எகரமும் நெட்டெழுத்து ஏகாரமும் ஒன்று போலிருக்கும்; ரகரமும் காலும் ஒரே வடிவம். ஏட்டை வாசிக்கிறவன் இவ்வளவு குறைவையும் தன் அறிவினாலே நிரப்பிக்கொண்டு போகவேண்டும். அந்த நிலையில், உள்ள கோடும் இரண்டாகத் தெரிந்தால் அவன் எதைக்கொண்டு எதை நிரப்புவது?

அந்த வாகடத்திலே மாட்டின் வயிற்றுக்கட்டுக்கு ஒரு பேதி மருந்து சொல்லப்பட்டிருந்தது. சரக்குகளின் பெயர் தெரிகின்றது. அவற்றில் ஒன்று நேர்வாளம். நேர்வாளம் எவ்வளவு கடியது என்பதைப் பரியாரிமார் அறிவர். அதன் அளவைக் குறிக்க ஒரே ஒரு பின்ன எழுத்து இடப்பட்டிருக்கிறது. பழைய கணக்கிலே வகரம் போன்ற வடிவம் காலைக் குறிக்கும். பகரம் போன்ற வடிவம் ஒரு மாவைக் குறிக்கும். கால் என்பது 1/4. மா என்பது 1/20. ஒன்று மற்றையதின் ஐந்து மடங்கு. ஏட்டெழுத்திலே இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு இடப்பக்கத்துச் சுழி ஒன்றுதான். என் படத்திலே அந்தச் சுழி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகைச்சல் இருக்கிறது. அது சுழியோ, என் கை ஆடிய தடமோ, அறியேன்.

மறுபடி போய் எடுக்கலாமென்று இருந்தேன். பள்ளிக்கூடத் தவணைச் சோதனை வந்தது. பிறகு வாடைக் காற்றும் மழையும் வந்தன. மாசி மாதத்திற் போனபோது பரியாரியார் இல்லை, ஐப்பசியிலேயே காலமாகிவிட்டார். பிள்ளைகள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறூர் போயிருந்தனர். திறப்பு வைத்திருந்த அயலவர் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒழுக்கிலே நனைந்த கட்டைக் கறையான் அரித்திருந்தது. இரண்டு சட்டப் பலகையும் ஒரு கயிறும் மிஞ்சின. ஆகவே அந்த வாகடத்திற்கு உலகத்திலே இப்பொழுது இருக்கின்ற ஒரே பிரதி என்னுடைய நடுங்கிய படங்களே.

இதன் பிறகுதான் நான் படப்பிடிப்புக்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். ஊர்காவற்றுறைப் பக்கத்திலே முன்னாளிலே ஸ்டூடியோ வைத்திருந்தவர். பிலிம் சுருளின் காலத்தவர். என் படங்களைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு மூக்குப்பேணியிலே விளிம்பு வரை தண்ணீர் வார்த்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பக்கத்திலே தம்முடைய பழைய கமராவை வைத்தார். “இப்ப பட்டனை அமத்துங்கோ” என்றார். அமர்த்தினேன். பேணியின் நீரிலே வட்டம் வட்டமாய் அலை எழுந்தது. பிறகு ஒரு கறுத்த குழாய் போன்ற கம்பியை எடுத்து, பட்டனின் நடுவிலுள்ள துவாரத்திலே திருகிப் பூட்டி, மறுமுனையை என் கையிலே தந்தார். “இப்ப இதை அமத்துங்கோ.” அமர்த்தினேன். கமரா ‘டிக்’ என்றது. நீர் பளிங்கு போலக் கிடந்தது.

“கை நடுங்கிறது குற்றமில்லைப் பண்டிதர். நடுங்கிற கையைக் கமராவிலை வைக்கிறதுதான் குற்றம்” என்றார்.

இந்தக் கருவிக்குக் கேபிள் றிலீஸ் என்று பெயர். அமைப்பு மிக எளியது. வளைந்து கொடுக்கும் ஓர் உறை. அதனுள்ளே ஒரு கம்பி. ஒரு முனையிலே பெருவிரலால் அமர்த்தும் குமிழ். மறுமுனையிலே சிறு ஊசி. குமிழை அமர்த்தினால் கம்பி உள்ளே ஓடி, ஊசி வெளியே நீண்டு, பட்டனைத் தள்ளும். நம்முடைய கை, கமராவிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கும். உறை தொய்ந்து கிடப்பதனாலே கையின் நடுக்கம் அந்தத் தொய்விலேயே அடங்கிப் போகும். இதற்கும் முன்னே இரப்பர்க் குமிழை நசுக்கிக் காற்றினால் ஷட்டரைத் திறந்தார்கள். கமராவின் வட்டிலே ‘பி’ என்று இன்றும் ஓர் எழுத்து இருப்பது அந்தக் குமிழின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தே. குமிழ் போய்விட்டது, எழுத்து நிலைத்துவிட்டது. மொழியாசிரியனுக்கு இது புதிதன்று.

பெயர் என்றவுடன் ஒன்று சொல்லவேண்டும். என் மாணவர் ஒருவர் இதற்கு ‘விசைவடம்’ என்று தமிழாக்கஞ் செய்தார். கேட்க அழகாயிருந்தது. ஆனால் வடம் என்பது தேரை இழுப்பது. இந்தக் கம்பியோ தள்ளுவது. சைக்கிளின் பிரேக் கம்பிகூட உறைக்குள்ளே ஓடினாலும் இழுக்கிற கம்பியேயாம். ஆதலால் ‘விசைக்கம்பி’ என்று திருத்தினேன். இக்காலத்துக் கமராக்களிலே கம்பி தள்ளுவதுமில்லை. மின்னிழையிலே சைகை போகிறது. சிலவற்றில் இழையுமில்லாமலே போகிறது. மாணவர் சிரித்துக்கொண்டு, “ஐயா, இதற்கு என்ன சொல்வது?” என்றார். விசைக்கம்பி என்றே சொல்லுவோம். எண்ணெய் என்பது எள்ளின் நெய். தேங்காய் எண்ணெய் என்று சொல்ல நாம் நாணுகின்றோமா?

கருவி கையில் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினேன். அதுவும் பிழை. விசைக்கம்பி முக்காலி இல்லாமல் ஒன்றுக்கும் உதவாது. முக்காலியை மரப்பலகைத் தளத்திலே வைத்தால் பக்கத்தில் ஒருவர் நடக்க அதுவும் நடுங்கும். சீமெந்து நிலமே நல்லது. தீவுக் காற்றிலே மெல்லிய முக்காலி தானே ஆடும். அதன் நடுத்தண்டிலே ஓர் உமலைக் கட்டி, அதற்குள் நாலு கல்லைப் போட்டுத் தூக்கிவிட்டால் நிற்கும். கம்பியை இழுத்துப் பிடித்தால், இழுத்த கையின் ஆட்டம் கம்பி வழியே கமராவுக்குப் போகும். ஆதலால் வளையமாய்த் தொங்க விடவேண்டும். கண்ணாடி வைத்த கமராவாயிருந்தால், படமெடுக்கும் நொடியிலே உள்ளேயுள்ள கண்ணாடி மேலே எழும்பித் தட்டும். அந்தத் தட்டே மெல்லிய எழுத்தைக் குழப்பப் போதும். முதலில் கண்ணாடியை எழுப்பிவிட்டு, இரண்டொரு விநாடி பொறுத்து, பிறகு ஷட்டரைத் திறக்கும் வசதி அத்தகைய கமராக்கள் பலவற்றில் உண்டு. கண்ணாடியில்லாத புதிய கமராக்களிலே இந்தத் தொல்லை இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். “இதெல்லாம் பழைய காலத்து வித்தை; இப்பொழுது கைத்தொலைபேசியே நடுக்கத்தை நீக்கிவிடுகிறதே” என்பார் பலர். நீக்குகிறது, மறுக்கவில்லை. திருவிழாவையும் பேரப்பிள்ளையையும் எடுக்க அதுவே போதும். ஆனால் ஒரு பொருளுக்குக் கிட்டப் போகப் போக நடுக்கமும் பெரிதாகின்றது. எட்ட நிற்கும் கோபுரத்தைப் படமெடுக்கும்போது கை அரை மில்லிமீற்றர் விலகினால் யாருக்கும் தெரியாது. ஓலையிலே அரை மில்லிமீற்றர் என்பது ஒரு சுழியின் அகலம். அன்றியும், கைத்தொலைபேசி தான் பிடித்த படத்தைத் தானே கூராக்கி, தானே மெருகிட்டுத் தருகின்றது. மங்கலான கோட்டை அது தெளிவான கோடாக்கித் தரும்போது, அந்தத் தெளிவு ஓலையினுடையதா, கருவியினுடையதா என்று எப்படி அறிவது? மங்கலான படம் தன் குறையைத் தானே சொல்லிக்கொள்ளும். இது சொல்லாது. ஏடு பெயர்த்தெழுதியவர்களுள்ளே, விளங்காத இடத்தை விட்டு எழுதியவனைக் காட்டிலும், விளங்கியது போல எழுதியவனாலேயே நூல்களுக்குக் கேடு அதிகம் வந்தது. கைத்தொலைபேசியையும் ஒரு தாங்கியிலே பூட்டி, கையைத் தூர வைத்து எடுத்தால் அதுவும் நல்ல வேலைக்காரனே. காதிற் செருகும் கருவியின் கம்பியிலே ஒலியைக் கூட்டும் பொத்தான் உண்டல்லவா? பல தொலைபேசிகளிலே அதை அமர்த்தினால் படம் விழும். விசைக்கம்பி வீட்டிலேயே கிடக்கின்றது, நாம் அறியாமலிருக்கின்றோம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. “கமராவிலேயே நேரம் வைக்கும் அமைப்பு இருக்கிறதே. அமர்த்திவிட்டுக் கையை எடுத்தால் இரண்டு விநாடி கழித்துத் தானே எடுத்துக்கொள்ளும். தனியே ஒரு கம்பி எதற்கு?” இதைச் சொன்னவர் என் சொந்த மகன். வீட்டுக்குள்ளே, கதவு யன்னல் சாத்திய அறையிலே, அவன் சொல்வது முற்றிலுஞ் சரி. கம்பி வாங்க முடியாதவர்கள் அப்படியே செய்க. ஆனால் நம்முடைய தீவுகளிலே எந்த வீட்டில் அப்படி ஓர் அறை இருக்கிறது? காற்று இடையறாது வீசும். இடையிடையே ஒரு மூச்சு நேரம் ஓயும். ஓலை அமர்ந்திருக்கும் அந்த ஒரு மூச்சுக்காகப் பெருவிரலைக் குமிழிலே வைத்துக்கொண்டு, ஓலையைப் பார்த்தபடி காத்திருக்கவேண்டும். இரண்டு விநாடிக்குப் பிறகு காற்று என்ன செய்யும் என்பதைக் கமரா அறியாது, நாமும் அறியோம். விசைக்கம்பியின் சிறப்பு நடுக்கத்தைத் தவிர்ப்பது மாத்திரமன்று. நொடியைத் தெரிந்தெடுக்கும் உரிமையை மனிதனிடமே விட்டுவைப்பதுமாம். மகனை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்று காட்டினேன். அவன் ஒப்புக்கொண்டான் என்று சொல்லமாட்டேன்; பேசாமலிருந்தான்.

கல்வெட்டுக்கும் இதுவே. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருப்பது பலரும் அறிந்தது. 1153 முதல் 1186 வரை அரசாண்டவன் அவன். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குக் காவல் வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் சரிபாதி என்பது அதன் பொருள். அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. பேராசிரியர் கா. இந்திரபாலா இந்தக் கல்வெட்டை ஆராய்ந்து 1963 இலே இலங்கைப் பல்கலைக்கழகத்து ஆய்விதழில் வெளியிட்டார். நம் தீவுகளின் துறைமுகத்துக்கு ஒரு சட்டம் இருந்தது, அது தமிழிலே கல்லில் எழுதப்பட்டிருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு நமக்கு ஆதாரமாய் நிற்பது அந்தக் கல்.

உப்புக் காற்றிலே தேய்ந்த கல்லை நேர்வெளிச்சத்திலே பார்த்தால் எழுத்துத் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டிலே, கல்லை ஒட்டினாற்போலத் தாழ்த்திப் பிடிக்கவேண்டும். அப்பொழுது ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழும். எழுத்து எழுந்து நிற்கும். அந்த ஒளி மங்கலானது. கல்லின் மேடு பள்ளம் எல்லாம் தெளிவாய் விழக் கமராவின் துவாரத்தைச் சுருக்கவும் வேண்டும். இரண்டுஞ் சேர்ந்தால் ஷட்டர் இரண்டு மூன்று விநாடி திறந்திருக்கவேண்டியதாகும். இரண்டு விநாடி அசையாமல் எந்தக் கையும் நில்லாது. தவத்திலிருப்பவர் கையும் நில்லாது. கல்லெழுத்தை வாசிக்கப் பழக விரும்பும் மாணவருக்கு நான் முதலிற் கற்பிப்பது இந்தப் பக்கவொளியையும் விசைக்கம்பியையுமே. வட்டெழுத்தும் கிரந்தமும் அதற்குப் பிறகு.

நல்ல நிழற்படம் எவ்வளவு செய்யும் என்பதற்குத் தீவகத்து மகன் ஒருவரையே சான்று காட்டலாம். கரம்பொன்னிலே 1913 இற் பிறந்த தனிநாயகம் அடிகள், அந்தாம் தெ புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலே கண்டெடுத்தார். 1679 இலே அம்பலக்காட்டில் அச்சாகிய நூல் அது. 1966 இலே கோலாலம்பூரில் அதை அடிகள் மறுபடி வெளியிட்டபோது புதிதாய் எழுத்துக் கோக்கவில்லை. பழைய பக்கங்களையே நிழற்படமாகப் பதிப்பித்தார். வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவம் வகுத்ததற்கு முந்திய தமிழச்சு எப்படியிருந்தது என்பதை யாழ்ப்பாணத்திலிருந்தே நான் கண்ணாற் காண முடிந்தது அதனாலேதான். புதிதாய்க் கோத்திருந்தால் கோத்தவர் கண்டதையே நானும் காண்பேன். ஏடு படமெடுப்பதன் பயனும் இதுவே. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 இலே கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஒடியும் ஓலைகளைப் பற்றி நெஞ்சுருக எழுதினார். அவருக்குக் கமரா இருக்கவில்லை. தம் கண்ணையும் கையையும் நம்பி எழுதினார். நமக்கு இருந்தும் நாம் அவரளவு கவனமெடுக்கவில்லை.

இங்கேதான் என் மனக்குறையைச் சொல்லவேண்டும். பழைய ஏடுகளைப் படமெடுத்துக் காக்கும் ஊக்கம் இப்பொழுது பரவியிருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களோடு அரிய ஏடுகளும் சாம்பரான பின்னர், பிரதி இல்லாத பொருள் பொருளன்று என்பதை நம்மவர் உணர்ந்தனர். 2005 இலே தொடங்கிய நூலகம் என்ற மின்னூலக முயற்சி, பிரித்தானிய நூலகத்தின் உதவியையும் பெற்று, வடக்கிலும் கிழக்கிலும் வீடு வீடாய்க் கிடந்த சுவடிகளை முறையாகப் படமெடுத்து உலகத்தவர் பார்வைக்கு வைத்திருக்கிறது. அந்தப் பணி போற்றத்தக்கது. ஆனால் அதைப் பார்த்துத் தாமும் செய்யப் புறப்பட்டவர்கள் எல்லாரும் அந்த முறையைக் கற்றாரில்லை. அண்மையில் ஒரு விழாவுக்குப் போனேன். இடமும் பெயரும் வேண்டாம். இத்தனை ஆயிரம் பக்கம் மின்வடிவாக்கினோம் என்று மேடையிலே வாசித்தார்கள், கைதட்டினார்கள். விழா முடிந்த பின்பு அந்தப் படங்களிலே சிலவற்றைப் பெருப்பித்துப் பார்க்க இடந் தந்தார்கள். என்னுடைய நெடுந்தீவுப் படங்களின் உடன்பிறப்புகள்! எத்தனை பக்கம் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். எத்தனை பக்கம் வாசிக்கலாம் என்று எண்ணியவர் ஒருவருமில்லை. அதைச் சொன்னேன். “ஐயா, எடுத்த பிள்ளைகளின் ஊக்கத்தைக் கெடுக்கக்கூடாது” என்றார்கள். பிள்ளைகளிலே எனக்கென்ன கோபம்? அவர்கள் கையிலே ஒரு முக்காலியையும் ஒரு கம்பியையும் கொடுக்காமல் அனுப்பியவர்களையே கேட்கின்றேன்.

படமெடுத்தாயிற்று என்று சொன்னவுடன் ஏட்டுக்காரர் மனத்திலே ஒரு மாற்றம் உண்டாகின்றது. இதையும் நான் பல வீடுகளிற் கண்டிருக்கிறேன். அதுவரை சாமியறையிலே வைத்து, நவராத்திரிக்குப் பூவைத்துக் காத்துவந்த கட்டை, ‘அதுதான் படமாய் இருக்குதே’ என்று பரணிலே போட்டுவிடுவார்கள். நாம் எடுத்த படம் அவர்களுடைய காவலை நீக்கிவிடுகின்றது. ஆகவே கெட்ட படம், படம் எடுக்காமையைக் காட்டிலும் கொடிது. எடுக்காத ஏட்டை இன்னொருவர் நாளை எடுப்பார். எடுத்ததாகப் பெயர்பெற்ற ஏட்டைத் தேடி ஒருவரும் வரமாட்டார்.

நான் கேட்பது பெரிய காரியமன்று. தீவகத்திலே ஊருக்கொரு பள்ளிக்கூடமாவது, சனசமூக நிலையமாவது, ஒரு முக்காலியும் ஒரு விசைக்கம்பியும் வாங்கி வைக்கட்டும். வேண்டியவர் இரவல் பெறட்டும். ஏட்டை இரவல் கொடுக்கத்தான் பயம். கம்பியைக் கொடுக்க என்ன பயம்? படமெடுக்கப் போகிறவர் மடிக்கணினியையும் கொண்டு போகட்டும். ஒவ்வொரு படத்தையும் முழு அளவுக்குப் பெருப்பித்து, ஏடு அறிந்த ஒருவர் ஒரு வரியையேனும் வாய்விட்டு வாசித்துப் பார்த்த பின்பே கட்டைக் கட்டித் திருப்பிக் கொடுக்கட்டும். படகு போனால் போகட்டும். அடுத்த நாட் படகு இருக்கிறது. நெடுந்தீவிலே ஓரிரவு தங்கினால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இதை அன்று எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால்!

போன வருடம் நெடுந்தீவிலிருந்து ஒருவர் தொலைபேசியிலே பேசினார். பரியாரியாரின் வளவுக்கு அயலிலே மாடு வளர்க்கிறவராம். கன்றீன்ற பசு ஒன்று வயிறு கட்டிக் கிடக்கிறது என்றார். “பெரியவரின்ரை ஏட்டிலை ஒரு நேர்வாள மருந்து இருந்ததாம். அதை நீங்கள் படமெடுத்தனீங்கள் எண்டு சொல்லிச்சினம். எவ்வளவு போடவேணும் எண்டு பாத்துச் சொல்லுறியளோ வாத்தியார்?” என்று கேட்டார். பெயர்த்தெழுதிய கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். சரக்குகளின் பெயர் எல்லாம் வரிசையாயிருந்தன. அளவு இருக்கவேண்டிய இடத்திலே நான் இட்ட வெறுங்கோடு இருந்தது. மிருக வைத்தியரை அழைக்கும்படி சொன்னேன். காற்று மிகையாயிருப்பதனால் அன்று படகு ஓடவில்லை என்றார் அவர்.